மே மாதத்தில் சாக்ஸ் போட்டவர்

தம்பி,

நீ பெங்களூர் போய்ச் சேர்ந்ததிலிருந்து தினமும் போன் செய்து, "அப்பா கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஸ்பீக்கர்ல போடு டீச்சர்" என்கிறார். பிறகு அவரே, "காலு ஜம்முனு இருக்குது, நீ உன் வேலையப் பாரு" என்று பதில் சொல்லி, அங்கே மழை பெய்ததா, தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறதா என்று பெங்களூர் நிர்வாகத்தையே விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறார். நான் பெற்ற பிள்ளையோடு பேச என் போனிலேயே எனக்கு இடமில்லை. அதனால்தான் இந்தக் காகிதம். விடைத்தாள் திருத்துகிறேன் என்று சொல்லிவிட்டு உள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிவப்பு மையில் இருக்கிறதே என்று பயந்துவிடாதே, கைக்கு அகப்பட்டது அந்தப் பேனாதான். கயல்விழியும் படிக்கட்டும். தான் வாழ வந்த வீட்டின் ஆண்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவளுக்கும் தெரிய வேண்டும்.

கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே உன் அப்பா வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடமாடினார். மே மாதத்து நெய்வேலியில். ஃபேன் அனலை அள்ளி மேலே கொட்டுகிற, குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாத மாதத்தில். ஏன் என்று கேட்டதற்கு, "தரை சில்லுனு இருக்குது" என்றார். நான் அங்கேயே பிடித்திருக்க வேண்டும். ஆனால் நான் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் பத்திரிகை வைத்துக்கொண்டு அலைந்த நேரம் அது. சம்பந்தி ஆகப்போகிற மிடுக்கைப் பழகுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சாக்ஸை மட்டும் துவைத்துப் போட்டேன். அதையும் சில நாள் அவரே துவைத்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் ஒரு கைக்குட்டை துவைக்காத மனிதர் சாக்ஸ் துவைக்கிறார் என்றால் எந்தப் பெண்சாதிக்கும் சந்தேகம் வந்திருக்கும். எனக்கோ சந்தோஷம் வந்தது.

கல்யாண மேடையில் பாத பூஜை நேரம் வந்தது உனக்கு நினைவிருக்கும். தாம்பாளத்தில் நான் காலை வைத்துவிட்டேன். அவர் பட்டு வேட்டிக்குக் கீழே கறுப்பு சாக்ஸோடு நின்றார். "சாக்ஸக் கழட்டிடுங்க" என்றார் மந்திரம் சொன்னவர். "பரவால்லீங்க சாமி, மேலயே ஊத்தட்டும், உள்ள போயிடும்" என்றார் உன் அப்பா. சபையே சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே குனிந்து சாக்ஸை உருவினாய். கட்டை விரலுக்குக் கீழே மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பஞ்சுமாக அப்பியிருந்த பற்று பாதி கையோடு வந்தது. அதற்குள் இருந்த புண்ணை நீ பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். எனக்கும் அந்த நிமிடம்தான் தெரியும். நீ பாலை ஊற்றாமல் உன் அங்கவஸ்திரத்தால் அந்தக் காலை மூடிக்கொண்டு அழுதுவிட்டாய். கீழே முதல் வரிசையில் உன் பெரிய அத்தை, "அப்பான்னா எப்படி உருகறான் பாரு புள்ள" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டோகிராபர், "அப்படியே இருங்க சார், அந்த அழுகைய இன்னொரு வாட்டி" என்றார். அந்தப் படம்தான் இப்போது ஆல்பத்தின் முதல் பக்கம். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் அதைப் பார்த்து, கொடுத்து வைத்தவர்கள் நீங்கள் என்கிறார்கள். நான் எழுந்து போய்க் காபி போடுகிறேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நீ கூடவே வருகிறேன் என்றாய். "மறுவீட்டு விருந்து கெட்டுடும், நீ பண்ருட்டிக்குக் கெளம்பு" என்று உன்னை அனுப்பிவிட்டார். அதனால் ஆஸ்பத்திரியில் நடந்தது உனக்குத் தெரியாது. டாக்டரம்மா புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, இது எப்படி வந்தது என்று கேட்டார். "ஷூவுக்குள்ள ஒரு நட்டு கெடந்துது மேடம். ஷிப்டு ஆரம்பத்துலயே உள்ள உழுந்திருக்கும் போல. வூட்டுக்கு வந்து கழட்டறப்பதான் உருண்டு வெளிய வந்துது" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு முழு ஷிப்டு இரும்பு நட்டு மேல நடந்தீங்களா? வலிக்கலையா?" உன் அப்பா பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "சேஃப்டி ஷூ மேடம். நல்ல ஷூ. ஒண்ணும் தெரியல."

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு கைப்பிடியில் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிய நைலான் இழை இருந்தது, அதை எடுத்தார். "கண்ண மூடிக்குங்க சார். நான் தொட்டா 'ம்' சொல்லுங்க." அவர் கண்ணை மூடி, சந்நிதியில் நிற்கிற பக்தியோடு உட்கார்ந்தார். டாக்டர் கட்டை விரலைத் தொட்டார், சுண்டு விரலைத் தொட்டார், விரல்களுக்குக் கீழே சதைப்பற்றில் இழை வளைகிற அளவுக்கு அழுத்தினார். இரண்டு பாதத்திலும் முன்பாதி முழுக்கத் தொட்டுவிட்டு இழையை மேசையில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். கண்ணைத் திறக்காமலே உன் அப்பா சொன்னார்: "ஆரம்பிக்கலாம் மேடம், நான் ரெடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வெளியே போய், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று அழுதேன். திரும்பி உள்ளே வந்தபோது டாக்டர், "சில வாரம் பார்ப்போம். ஆறலைன்னா அந்த வெரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "கட்ட வெரலு இல்லன்னா சேஃப்டி ஷூ ஒழுங்கா நிக்காதே மேடம்" என்பதுதான் அவருடைய கவலை.

பிறகு விசாரணை தொடர்ந்தது. பாதத்தில் எரிச்சல் இருந்ததா? அது இருந்தது சில வருடம். யாரிடம் காட்டினீர்கள்? யாரிடமும் இல்லை, அது சூடுதானே. சுரங்கத்துப் பக்கம் வேலை, வெயில், இரும்பு ஷூ, உடம்பு சூடு ஏறிவிட்டது என்று அவர் முடிவு செய்திருந்தார். முன்பு ஒரு பரிசோதனையில் சர்க்கரை "லேசா" இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை சூடு என்று நிறுத்திவிட்டார். சூட்டுக்குக் குளிர்ச்சிதான் மருந்து என்று, ஷிப்டு முடிந்ததும் மந்தாரக்குப்பத்தில் இறங்கி கரும்புச் சாறு. சில நாள் இரண்டு டம்ளர், எரிச்சல் அதிகமாக இருந்த நாளில். "இனிப்புக்காகக் குடிக்கல மேடம், குளிர்ச்சிக்காகக் குடிச்சது" என்று அவர் விளக்கியபோது டாக்டர் என்னைப் பார்த்தார். உயிரியல் டீச்சர் என்று நான் முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருந்தேன். அந்த உயிரியல் டீச்சர்தான் எரிச்சல் இருந்தவரை தினமும் சாயந்திரம் அவர் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்து, போகிறபோது இளநீர் வாங்கிக் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தவள். எங்கள் வீட்டு அறிவியல் அந்த லட்சணத்தில் இருந்தது.

"சூடுதான் சார்," என்றார் டாக்டர், "ஆனா நீங்க நெனைக்கிற சூடு இல்ல." அவர் சொன்னதை உனக்குச் சொல்ல வேண்டுமானால் உன்னுடைய பத்தாம் வகுப்பு விடைத்தாளிலிருந்து தொடங்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியா என்பது யாது என்ற கேள்விக்கு, செல்லின் ஆற்றல் நிலையம் என்று எழுத வேண்டிய இடத்தில் நீ "செல்லின் அனல்மின் நிலையம்" என்று எழுதினாய். நான் அரை மதிப்பெண் குறைத்தேன். அன்று நீ சாப்பிடவில்லை. உன் அப்பா உன் பக்கம் பேசினார்: "கரெக்டாத்தான எழுதியிருக்கான்? எதையும் எரிக்காம ஆற்றல் எங்கேர்ந்து வரும்?" இப்போது நினைத்துப் பார்த்தால் நீ எழுதியதுதான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அனல்மின் நிலையம் என்றால் மின்சாரம் மட்டுமா வருகிறது, புகையும் சாம்பலும் சேர்ந்துதானே வருகின்றன. செல்லுக்குள்ளும் நாம் தின்றதை ஆக்ஸிஜனோடு சேர்த்து எரிக்கும்போது கொஞ்சம் பொறி தெறிக்கும். உழைக்கிற அளவுக்குத் தின்றால் அந்தப் பொறியை உடம்பே அணைத்துவிடும். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து எரிபொருளைத் திணித்துக்கொண்டே இருந்தால் பொறி பெருகும், அணைக்கிற சக்தி போதாமல் போகும். ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று பாடப் புத்தகத்தில் இதைத்தான் நாக்கு சுளுக்குகிற மாதிரி போட்டிருக்கிறார்கள்.

எரித்தது போக மிஞ்சியது கொழுப்பாக வயிற்றிலும் கல்லீரலிலும் போய்ச் சேர்கிறது. அது பாட்டுக்கு அங்கே சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறோம். கொழுப்புச் செல்கள் பிதுங்கிப் போனால், ஆபத்து என்று ரசாயனத்தில் சேதி அனுப்புகின்றன. கிருமிதான் வந்துவிட்டது என்று வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. கிருமியும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனாலும் கல்யாணம் முடிந்தும் ஊருக்குப் போகாத உறவுக்காரர்கள் மாதிரி அங்கேயே தங்கி, இன்னும் நாலு பேரை வரவழைக்கின்றன. இதுதான் அழற்சி. காய்ச்சல் இருக்காது, வெளியே வீக்கம் தெரியாது, வருடக்கணக்கில் உள்ளேயே நடக்கும். இந்த இரைச்சலில் இன்சுலின் சொல்வது செல்லின் காதில் விழுவதில்லை, சர்க்கரை ரத்தத்திலேயே நின்றுவிடுகிறது. சர்க்கரை ஏறினால் பொறி அதிகமாகிறது, பொறி அதிகமானால் அழற்சி அதிகமாகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டுக்கொண்டே போகின்றன. நடுவில் மாட்டிக்கொண்டு கெடுவது நுண்ணிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும். நரம்பு கெடும்போது பாதம் எரிகிறது. முழுக்கக் கெட்ட பிறகு எரிச்சலும் இல்லை, காலுக்குக் கீழே கிடக்கிற நட்டும் தெரிவதில்லை. "எரிச்சல் நின்னு போச்சி, கரும்புச் சாறு வேல செஞ்சிடுச்சி" என்று போன தீபாவளிக்கு உன் அப்பா அறிவித்தாரே, நாம் கைகூடத் தட்டினோமே, அது இதுதான்.

வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்த பிறகு, "டீச்சர், இது நம்ம யார்டு கதையால்ல இருக்குது" என்றார். கயல்விழிக்காகச் சொல்கிறேன், சுரங்கத்திலிருந்து பெல்ட்டில் வருகிற பழுப்பு நிலக்கரியை மின் நிலையத்துக்கு அனுப்பும் முன் குவித்து வைக்கிற ஸ்டாக் யார்டில்தான் இவருக்கு வேலை. அந்தக் கரியை யாரும் பற்ற வைக்க வேண்டாம். குவியலாகக் கிடந்தால் இடுக்கில் காற்று புகுந்து, தானாகவே உள்ளுக்குள் சூடேறிக் கனல ஆரம்பித்துவிடும். மேலே பார்த்தால் கரி கரியாகவே இருக்கும். அதை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று உன் அப்பாவுக்கு யார்டில் ஒரு பெயர் உண்டு. பண்ருட்டியிலிருந்து பலாப்பழத்தோடு வந்த பஸ்ஸை நடு ரோட்டில் நிறுத்தினாரே, நினைவிருக்கிறதா? எங்கோ புகைகிறது என்று டிரைவரோடு சண்டை போட்டு, பஸ்ஸையே காலி பண்ண வைத்து, கடைசியில் பின் சீட்டுக்காரர் அரைகுறையாக அணைத்துத் துண்டில் முடிந்து வைத்திருந்த பீடியைக் கண்டுபிடித்தார். அந்த மூக்கைப் பற்றி ஒரு மாதம் நம் வீட்டில் பேச்சு ஓடியது.

"அடுத்தவன் துண்டுல பொகையறது தெரியுது. உங்க உடம்புல பொகைஞ்சது தெரியலியா?" என்று கேட்டேன். "மூக்கு வெளிய பாத்துகினு இல்ல இருக்குது" என்றார். சரி, இன்னொன்றும் கேட்டுவிடுவோம் என்று, யார்டில் குவியல் சூடாகிவிட்டால் மேலே தண்ணீர் அடிப்பீர்களா என்று கேட்டேன். வேலை விஷயம் என்றால் அவருக்குக் குரலே மாறிவிடும். "மேல அடிச்சா இன்னாத்துக்கு ஆவும்? மேல ஈரமாயிடும், உள்ள பாட்டுக்கு எரிஞ்சிகினே இருக்கும். புல்டோசர வுட்டுக் கிளறணும், பரப்பி ஆற வுடணும். பழைய கரிய மொதல்ல பெல்ட்டுல ஏத்தி அனுப்பணும். குவியலு கொறையணும், அதான்." அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் இத்தினி வருஷமா மேல தண்ணி அடிச்சிகினு இருந்திருக்கேன்" என்றார். எனக்கு அவரைத் திட்ட மனம் வரவில்லை. கரிக் குவியலில் வெள்ளணு கிடையாது, ஆகவே உதாரணம் முழுக்கப் பொருந்தாது என்று மட்டும் திருத்தினேன். பழக்க தோஷம்.

புரிந்துவிட்டது என்றால் உடனே திருந்திவிடுவாரா? அடுத்த வாரமே எதிர் பிளாக்கில் இருப்பவர் ஆன்டி ஆக்ஸிடன்ட் பவுடர் என்று ஒரு ஊதா டப்பாவைத் தலையில் கட்டிவிட்டார். பொறியை அணைக்கிற பவுடராம். கலக்கினால் நாவல்பழ நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. டாக்டரிடமே கொண்டுபோய்க் காட்டினார், சபாஷ் என்பார் என்று நினைத்து. டாக்டருக்கு யார்டு கதையை அதற்கு முந்தைய முறையே விஸ்தாரமாகச் சொல்லியிருந்தார். டாக்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவும் மேல தண்ணி அடிக்கற வேலதான சார்?" என்றார். கீரையும் நெல்லிக்காயும் சாப்பிட்டாலே போதும், அளவாகச் சாப்பிட்டு, மாத்திரையை நிறுத்தாமல், புண் ஆறும்வரை உட்கார்ந்தபடி கையை ஆட்டுகிற பயிற்சி செய்து, ஆறிய பிறகு நடக்க வேண்டும் என்றார். தன் கதையாலேயே தான் அடி வாங்கியது உன் அப்பாவுக்கு ரொம்ப அவமானமாகிவிட்டது. அந்த டப்பாவில் இப்போது கோலமாவு வைத்திருக்கிறேன்.

இனி உன் கதைக்கு வருகிறேன். ரிசப்ஷன் கோட்டு அளவு பார்க்க டெய்லர் வந்த அன்று, பித்தான் எட்டவில்லை என்று அவர் இழுத்துக்கொண்டிருக்க, நீ முந்திரிக் கேக்கை மென்றுகொண்டே சொன்னாய்: "ஆபீஸ் செக்கப்ல கல்லீரல்ல கொழுப்புன்னு சொன்னாங்கம்மா. சுகர் பார்டர்ல இருக்காம். பார்டர்தான்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன், மாப்பிள்ளைக் களை என்று டெய்லரும் சிரித்தார். உன் அப்பா "லேசா" என்றார், நீ "பார்டர்" என்கிறாய். இந்த வீட்டு ஆண்கள் சர்க்கரைக்குச் செல்லப் பெயர் வைத்தே அதை வளர்த்து ஆளாக்குகிறீர்கள். ராத்திரியெல்லாம் அமெரிக்காவுக்காக விழித்திருக்கிறாய், நடு ராத்திரியில் பிரியாணி வரவழைக்கிறாய், பகலில் திரையைப் போட்டுத் தூங்குகிறாய். அப்பாவாவது நைட் ஷிப்டில் நடந்தார். நீ நாற்காலியைக் கூடச் சக்கரம் வைத்ததாகப் பார்த்து வாங்கியிருக்கிறாய், எழுந்து நடக்க வேண்டாம் என்று.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நீ ரேங்க் வாங்கினால் லட்டு, வாங்காவிட்டால் மனம் வாடக்கூடாது என்று பாயசம். கன்னம் உப்பியிருந்தால்தான் பிள்ளை நன்றாக வளர்கிறான் என்று நம்பினேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அரை மதிப்பெண்ணில் கறாராக இருந்தவள், உன் தட்டில் மட்டும் அளவே பார்த்ததில்லை. ஆனால் உனக்கு ஒரு வசதி இருக்கிறது, உன் அப்பாவுக்கு அது கை நழுவிவிட்டது. உன் குவியல் சின்னது, இப்போதே கிளறினால் குறையும், கல்லீரல் திரும்பத் தெளியும் என்று, உன்னைப் பற்றி நான் விசாரித்தபோது டாக்டரே சொன்னார். சாப்பிட்டதும் உட்காராமல் ஒரு நடை நட. கயல்விழியையும் கூட்டிக்கொண்டு போ, புதுசாகக் கல்யாணமானவர்கள் நடந்தால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ராத்திரி வேலையை மாற்றிக் கேள். மாற்ற முடியாது என்றால் ராத்திரிச் சாப்பாட்டையாவது மாற்று. அந்த அரை மதிப்பெண்ணை நான் இப்போதே உனக்குப் போட்டுவிடுகிறேன், பதிலுக்கு இதைச் செய்.

நீ தினம் கேட்கிற கேள்விக்குப் பதில் இதுதான். போன வாரம் புண் மூடிவிட்டது. விரல் தப்பித்தது. தோல் புதுசாக, இளஞ்சிவப்பாக வந்திருக்கிறது, நான் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். உணர்ச்சி வரவில்லை. அது பெரும்பாலும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலில் புதுக் காயம் எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அவருக்குக் குனிந்து பார்க்க வயிறு இடம் கொடுப்பதில்லை, அதனால் வேலை என்னிடம் வந்துவிட்டது. சாயந்திரம் உன் கல்யாணத் தாம்பாளத்தில்தான் கழுவுகிறேன். தண்ணீர் சுடுகிறதா என்று அவர் காலுக்குத் தெரியாது, நான் முழங்கையை விட்டுப் பார்த்து ஊற்றுகிறேன். அவர் மேடையில் உட்கார்ந்த மாதிரி கம்பீரமாக நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "பூவு எங்க, பாலு எங்க?" என்று அதிகாரம் செய்கிறார்.

நேற்று துடைத்து முடித்துவிட்டு அந்தக் கட்டை விரலைக் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் கண்ணைத் திறக்காமலே, "ஏன் டீச்சர், முடிச்சிட்டு எழுந்து போயிட்டியா?" என்றார். "ஆமா, எப்பவோ முடிஞ்சிது" என்றேன். கையை எடுக்கவில்லை.

நாளைக்கு வேலைக்கு உட்காரும் முன் நீ கண்ணை மூடிக்கொள். கயல்விழி ஒரு நூலை எடுத்து உன் கட்டை விரலைத் தொடட்டும். அவள் தொட்டால் உனக்குத் தெரியும், இப்போதைக்கு நிச்சயம் தெரியும். அந்தக் கூச்சம் அடங்குவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கீழே இறங்கி நட.

உன் அம்மா